பதினோராவது பெயர்

ஐப்பசி மழை.
பிரட்டுக்களத்தில் ஜீப் இரண்டு, லொறி ஒன்று.
அன்று சங்கு ஊதவில்லை.
ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.
செக்ரோலைக் கேட்டார்கள்.
கணக்கப்பிள்ளை காய்ச்சலென்று
முதல்நாளே பண்டாரவளைக்குப் போய்விட்டிருந்தார்.

இரண்டு அந்நியருக்கு ஒளிய இடமும் சோறும் கொடுத்தவர்கள்
பதினொரு பொடியன்களாம்.
பதினொரு பேரும் வேண்டும்.
யாருக்குத் தெரியும்?
மொழிபெயர்த்தவனின் குரலும் நனைந்திருந்தது.

அக்கா கையைத் தூக்கினாள்.

பவளக்கொடி.
மரணாதார சங்கத்துப் பொருளாளர்.
லயம் லயமாய் ஏறி மாதம் ஐந்து ரூபாய் வாங்கி
சிவப்பு மட்டைக் கொப்பியில் எழுதுகிறவள்.
யாருக்கு எத்தனை அடிப் பெட்டி என்பதுகூட
அவளுக்கு மனப்பாடம்.

நாலாம் லயம் சடையன், என்றாள்.
பீலிக்கரை வீட்டுப் பெரியண்ணன்.
கவ்வாத்துக்காரன் சவரிமுத்து.

எனக்குப் பன்னிரண்டு வயது. வாய் திறந்துவிட்டது.
பின்னாலிருந்து யாரோ கிள்ளினார்கள்.
சடையனுக்கு மாசியில் மண் போட்டோம்.
பெரியண்ணன், விறகுக்குப் போய் மரம் சாய்ந்து.
சவரிமுத்து, மஞ்சள்காமாலை.
அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்,
எழுதுகிறவனுக்குக் கை வலிக்கக் கூடாதென்பதுபோல.
சடையனின் பெண்சாதி
முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.
அது அழுகையா, சிரிப்பா?
இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று நாள் தேடினார்கள்.
அந்த மூன்று நாளில்
லீக்ஸ் மூட்டைகளுக்கு அடியில் படுத்து
உயிரோடிருந்தவர்கள் நமுனுகுலவைத் தாண்டிப் போனார்கள்.
நாலாம் நாள் தேயிலைக்கு நடுவே
சவரிமுத்துவின் சிலுவையை
ஒரு சிப்பாய் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டான்.

பத்தொன்பது மாதம் கழித்து வந்தாள்.
வலது கையில் இரண்டு விரல் மடங்காது.
கொழுந்து நிறை குறைந்தது.
எங்கள் பக்கம் ஒரு நாள் கூலிக்கும் பேர் என்றுதான் பேர்.
அவளுக்கு அரைப்பேர் போட்டார்கள்.

நான் கதை எழுதுகிறேன். நாலு புத்தகம் வந்துவிட்டது.
என் சடையன் பதுளை பஸ்ஸில் மிச்சக்காசு தராத கண்டக்டர்.
பெரியண்ணன் ஹட்டனில் கேரம் ஆடித் தோற்றுத் தோற்று
ஒரு தையல்காரியைக் கட்டுகிறான்.
சவரிமுத்துவிடம் உறுதிப்பத்திரம் இருக்கிறது,
ஏழு பேர்ச் காணிக்கு.
யாரிடம் எழுதக் கற்றாய் என்று மேடையில் கேட்டால்
ஏதாவது பெரிய பெயராகச் சொல்லி வைப்பேன்.
மழையில் நின்று நான் கேட்ட முதல் கதை
ஒரே மூச்சில் பதினொரு ஆள்.
ஒருத்தர்கூட இருமவில்லை.

ஆனால் சிவப்புக் கொப்பியில் பத்துத்தான் இருந்தது.
மேட்டு லயம் அழகிரி அதில் இல்லை.
மேட்டு லயம் என்று ஒரு லயமே
எங்கள் தோட்டத்தில் இல்லை.

போன மாதம் கேட்டேன். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.
"வயசுப் பொடியங்க பத்துப் பேருதான்டா செத்திருந்தாங்க.
அவனுங்க பதினொன்னு கேட்டானுங்க.
என்ன செய்யச் சொல்றே?"

ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.
"நல்ல ஒசரம். கொஞ்சம் கோவக்காரன்.
மழைன்னா வேலைக்குப் போக மாட்டான்.
அடிக்கிறப்ப அவனத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடப்பேன்.
மத்தவங்கள மண்ணுக்குள்ள கண்டுபிடிச்சிட்டானுங்க.
இவன முடியல."

பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தேன்.
அவள் அதைப் பார்த்தாள்.
"இவன விட்டுரு."

மூடினேன்.
தகரத்தில் தூறல் விழத் தொடங்கியது.
இன்றைக்கு அவன் வேலைக்குப் போயிருக்க மாட்டான்.